இரத்த எண்ணிக்கை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணத்தில் இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல ஆண்டுகளாக நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குறுவை நடவு முடிந்து இருமலோடு வருகிறவர்கள், அறிக்கையில் ஈசினோபில் என்னும் வெள்ளணு வகையின் எண்ணிக்கை சரியாக இருந்தால் காசநோய் முதலிய நோயே இல்லை என்று நிம்மதியாகத் திரும்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

ஸ்லைடில் இயோசின் சாயம் ஏறி, இரட்டை மடல் உட்கருவைச் சுற்றிச் செம்மஞ்சள் மணிகளாக மின்னும் அந்த வெள்ளணுக்கள், இரத்தத்தில் சில மணி நேரமே சுற்றிவிட்டுக் குடல் முதலிய திசுக்களில் போய்த் தங்கிவிடுகின்றன. மனிதரைப் போலவே நுரையீரலில் காசநோய்க் கட்டிகள் உருவாகும் மக்காக் குரங்குகளை ஆராய்ந்தபோது, நியூட்ரோபில்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்கள் மட்டுமன்றி, புழுவுக்கும் ஒவ்வாமைக்கும் உரியவை என்றே நாம் எண்ணிப் பழகிய ஈசினோபில்களும் அக்கட்டிகளுக்குள் இருப்பது தெரியவந்தது. வழக்கமான ஆய்வக எலிகளில் அத்தகைய கட்டிகள் அதே அமைப்பில் தோன்றுவதில்லை என்பதால், அந்தக் குரங்குகள் உயிரைக் கொடுத்துத் தந்த அறிவு இது என்றே சொல்வேன்.

இரத்தத்தில் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அந்த அணுக்கள் நுரையீரல் கட்டிகளுக்குள் இருக்கக்கூடும். ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் இரத்த எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படும் சளிப் பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும் என்பதைத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் விரிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் ஒருவர்,
கும்பகோணம்.