ரக்பிக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2027 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் ரக்பி உலகக் கோப்பை, இந்த முறை 24 அணிகள். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. சிட்னியில் வேலை பார்த்துத் திரும்பிய அண்ணன் நியூசிலாந்துதான் என்கிறார், நான் தென்னாப்பிரிக்கா. 2023-இல் கால் இறுதியில் பிரான்ஸை 29-28, அரை இறுதியில் இங்கிலாந்தை 16-15, இறுதியில் நியூசிலாந்தை 12-11 என்று மூன்றையும் ஒற்றைப் புள்ளியில் ஜெயித்து நான்காவது கோப்பையை வாங்கிய அணியை எப்படி விட்டுக்கொடுப்பது? அந்த 12 புள்ளியும் தென்னாப்பிரிக்க வீரர் போலார்டின் காலில் இருந்து வந்த, தலா மூன்று புள்ளி தரும் நான்கு பெனால்டி உதைகள்.

அண்ணன் விடமாட்டார். அந்த இறுதியில் நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்குச் சிவப்பு அட்டை காட்டியபின் பதினாலு பேரோடு ஆடியும் ஒரு புள்ளியில்தானே தோற்றார்கள் என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. அப்பத்தாவின் பல்லாங்குழிப் புளியங்கொட்டையை வாங்கி, பக்கத்துக்கு எட்டாகத் திண்ணையில் அடுக்கி, ஸ்க்ரமில், அதாவது இரண்டு அணி ஆட்களும் தோள் கோத்து எதிரெதிரே முட்டித் தள்ளும் இடத்தில், ஒரு ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று தள்ளிக் காட்டினார் பாருங்கள், அப்புறம்தான் எனக்கே ஆட்டம் சரியாகப் புரிந்தது. (அயர்லாந்தை நம்பும் தம்பிக்கு ஒன்று சொல்லிவிட்டேன்: உலகக் கோப்பையில் அவர்கள் இதுவரை கால் இறுதியைத் தாண்டியதில்லை.)

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ரக்பி என்றால் ஒரு மூலையில் வெறும் ஸ்கோர்தான் வருகிறது. போட்டி தொடங்குவதற்குள் விதிகளையும் அணிகளையும் தமிழில் விளக்கி வாரம் ஒரு கட்டுரை போடுங்கள்.

ஒரு வாசகர்,
காரைக்குடி