எழுந்து நிற்காத வாத்துக்குஞ்சு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை நானும் அம்மாவும் பார்த்தோம். மற்ற குஞ்சுகள் எல்லாம் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி ஓட, இது மட்டும் இறக்கையை ஊன்றி ஊன்றி நகர்கிறது. அம்மாவுக்கு அதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. வாத்து ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது, கறிக்குக் கொடுத்துவிடு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாமே. அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. கழுத்து நிமிர்ந்து நிற்கிறது, கண் தெளிவாக இருக்கிறது, தீவனம் கண்டதும் வாயைத் திறக்கிறது. இந்த மூன்றும் இருக்கிற குஞ்சை நான் கைவிட மாட்டேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த வருஷங்களில் கால் சரியில்லை என்று கூடையில் தூக்கிக்கொண்டு வந்த வாத்துகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடிபட்டு வந்தவை அதில் கொஞ்சம்தான். பெரும்பாலும் கோளாறு தீவனத்தில் இருக்கும், இல்லாவிட்டால் தரையில் இருக்கும். அதனால் காலுக்கு என்ன மருந்து என்று நீ கேட்டதற்கு முன்னால், அது என்ன தின்கிறது, எதன் மேல் நிற்கிறது என்று நான் கேட்கிறேன்.

கடையில் கொடுத்த கோழிக்குஞ்சுத் தீவனத்தைத்தான் போடுகிறேன் என்றாய். சந்தேகம் எனக்கு அங்கேதான். அது நல்ல தீவனம்தான், ஆனால் கோழிக்கான கணக்கில் கலந்தது. நியாசின் என்கிற பி3 வைட்டமின் வாத்துக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும். கோழிக்குஞ்சுக்கு அவ்வளவு தேவையில்லை. கோழி புரதத்திலிருந்து கொஞ்சம் நியாசினைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். வாத்துக்கு அந்தத் திறமை குறைவு. பற்றாக்குறை வந்தால் காலில்தான் முதலில் தெரியும். கால் வில் மாதிரி வளையும், மூட்டு வீங்கும், இரண்டடி நடந்து உட்கார்ந்துவிடும். உன் குஞ்சுக்கு வயசு மூன்று வாரம். இது அதிகமாக வருவதும் இந்த வயசில்தான். நீ வாங்கியதோ வெள்ளை பெக்கின். 1873-ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன இனம், இறைச்சிக்காகவே வளர்ப்பது. ஏழெட்டு வாரத்தில் இரண்டரை, மூன்று கிலோ வந்துவிடும். எலும்பு தயாராகும் முன்பே உடம்பு கனத்துவிடுகிறது. அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு அது எப்படி நிற்கும் சொல்.

உடனே செய்ய வேண்டியது இதுதான். நியாசின் நிறைய இருக்கிற ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பொடி வாங்கி, ஒரு டம்ளர் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறி வை. பொடி தீவனத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அடியில் தங்கினால் பிரயோஜனம் இல்லை. ரொட்டி மாவு புளிக்க வைக்கும் ஈஸ்ட் வேண்டாம், அது வேறு. கால்நடை மருந்துக்கடையில் கோழிகளுக்கான பி காம்ப்ளெக்ஸ் திரவமும் கிடைக்கும்; நியாசின் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்து வாங்கி, அதில் போட்டிருக்கிற அளவில் தண்ணீரில் கலந்து வை. உப்புப் போடாமல் வேகவைத்த பச்சை நெத்திலியைப் பிய்த்துப் போடலாம், பச்சைப் பட்டாணியை நசுக்கிப் போடலாம். கருவாடு மட்டும் போடாதே, அந்த உப்பைக் குஞ்சு தாங்காது. தவிடும் சோறும் போட்டால் போதாதா என்று அம்மா கேட்கிறாள். தானியத்தில் நியாசின் இருந்தாலும் அதில் பெரும்பகுதி பறவைக்குச் சேராது. எல்லாக் குஞ்சுகளுக்கும் சேர்த்தே கொடு. ஒன்றுக்குக் குறை என்றால் மற்றவற்றுக்கும் அதே குறை வரும் வழியில் இருக்கிறது.

சீக்கிரம் கொடுத்துவிட்டால் சில நாளிலேயே எழுந்து நிற்கப் பார்க்கும். மூட்டு கோணிப்போன பிறகு கொடுத்தால் கோணல் நிமிராது, நடை மட்டும் கொஞ்சம் தேறும். அதனால்தான் இந்த அவசரம்.

இன்னொன்று, கடலைப்புண்ணாக்கு வாங்கி வைத்திருக்கிறாய் அல்லவா, அதை முகர்ந்து பார். பூசண வாடை அடித்தால் அப்படியே குப்பையில் போடு, காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தபோது, காரணம் கடலைப்புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை என்று தேடிப்போய்க் கண்டுபிடித்த நஞ்சுதான் அஃப்ளடாக்சின். அந்த நஞ்சுக்கு வாத்துக்குஞ்சு மாதிரி சீக்கிரம் பலியாகிற உயிர் குறைவு.

தரைக்கு வருகிறேன். வீடியோவில் டைல்ஸ் தரையில் பேப்பர் விரித்திருக்கிறாய். அது வழுக்கும். வழுக்குகிற தரையில் குஞ்சு காலை அகட்டி அகட்டி, இடுப்பே விட்டுப்போகும். பேப்பரை எடுத்துவிட்டு சாக்கை விரித்து, அதன் மேல் உமி நாலு விரல் கனத்துக்குப் போடு. வாத்து இருக்கும் இடத்தில் ஈரம் இல்லாமல் இருக்காது, அதனால் தண்ணீர்ச் சட்டியை ஒரு கம்பி வலைமேல் வைத்து, சிந்துவது கீழே போகும்படி செய். நனைந்த உமியை அன்றன்றே அள்ளிவிடு.

இனி குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்கும் விதம். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கோழியைத் தலைகீழாகத் தொங்கவிடுகிற மாதிரி வாத்தைத் தொங்கவிட்டால் இடுப்பு மூட்டு போய்விடும். இங்கே குறுவை அறுவடை முடிந்ததும் வயலில் கிடை போட வருகிற வாத்துக்காரர்களைச் சின்ன வயசில் நீயும் பார்த்திருக்கிறாய். ஒரு கையால் கழுத்தை மெதுவாகப் பிடித்து, மறு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத்தான் தூக்குவார்கள். ஆயிரம் வாத்து மேய்க்கிறவர்கள் ஒன்றின் காலைக்கூடத் தொட்டு இழுக்க மாட்டார்கள். நீ குஞ்சை இடது கைக்கும் விலாவுக்கும் நடுவில் அணைத்துக்கொள். அதன் தலை உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், கால் முன்னால் வரட்டும். முகத்தை மூடின மாதிரி ஆனதும் அடங்கிவிடும்.

முதலில் பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவு. அழுக்கோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரல் விரலாக, சவ்வை விரித்து, முள்ளோ கிழிசலோ இருக்கிறதா என்று பார். பிறகு உள்ளங்கால். மெத்தென்று இருக்கிற இடத்தின் நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்து, சுற்றி வீங்கிச் சூடாக இருந்தால் அது பாதப் புண். சிமெண்ட் தரையில் தேய்ந்த இடம் வழியாக ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே போய் வருவது. குஞ்சுக்கு இது அபூர்வம்தான், ஆனால் உன் பெரிய வாத்துகளுக்கு எப்போது வேண்டுமானாலும் வரும். எப்சம் உப்பு கரைத்த வெந்நீரில் கால் மணி நேரம் பாதத்தை வைத்திருந்து, நன்றாகத் துடைத்து, பீட்டாடின் வைத்துக் கட்டு. அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதே. பொருக்கைக் கத்தியால் கிளறுகிற வேலை வேண்டாம், அது டாக்டர் வேலை.

அப்புறம் காலின் நடுவில் பின்பக்கமாக மடங்குகிற மூட்டு. இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் விரலை வைத்துப் பார். ஒன்று சூடாக, தடித்து இருக்கிறதா? மூட்டின் பின்பக்கம் ஒரு நரம்பு, அதாவது தசையை எலும்போடு கட்டுகிற நாண், கயிறு மாதிரி நேராக இறங்கும். அது நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் சரிந்து விரலில் உருண்டால், நரம்பு இடம் மாறியிருக்கிறது. மாங்கனீசு, கோலின் என்கிற சத்துகளின் பற்றாக்குறையில் இப்படி ஆகும். அப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோ, நாள் போனால் உள்ளே தள்ளி நிறுத்துவது கஷ்டம்.

வலிக்குமே என்று உருகாதே, நீ தடவுகிற மூட்டுவலி ஜெல்லைத் தடவிவிடாதே. அவற்றில் பலவற்றில் டைக்ளோஃபினாக் என்கிற வலி மருந்து இருக்கிறது. வாத்து நாள் முழுக்க அலகால் உடம்பைக் கோதுகிற பிராணி, தடவியது எல்லாம் வயிற்றுக்குத்தான் போகும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியா முழுக்க அவற்றைப் பெரும்பாலும் அழித்தது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் பாறுகள் ஓரளவு மிஞ்சியிருக்கின்றன. வாத்து கழுகு இல்லைதான், ஆனாலும் அந்த மருந்தை நம் வீட்டுப் பறவையிடம் சோதிக்க வேண்டாம். வலிக்கு மருந்து வேண்டும் என்றால் டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும்.

நிற்க முடியாத வாத்துக்குத் தண்ணீரைவிட நல்ல வைத்தியம் கிடையாது. பெரிய டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கால் தரையில் முட்டாத ஆழத்துக்கு நிரப்பி, அதில் மிதக்க விடு. கனம் குறைந்ததும் காலை உதைக்க ஆரம்பிக்கும். எந்தக் கால் உதைக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று அப்போதுதான் சரியாகத் தெரியும். பத்து நிமிஷம் போதும். பக்கத்திலேயே இரு. தாயில்லாமல் வளர்கிற குஞ்சின் தூவியில் எண்ணெய்ப் பசை போதாது, நனைந்து குளிர்ந்துவிடும். எடுத்ததும் துண்டால் ஒற்றி, ஈரம் போகும்வரை பல்பு சூட்டில் வை.

தனி அறையில் அடைத்து வைக்காதே. நடுவில் கம்பி வலை போட்டு, மற்றவை கண்ணில் படும்படி வை. வாத்து கூட்டத்தைக் காணாவிட்டால் கத்திக் கத்தியே தீவனத்தை விட்டுவிடும். வலை கட்டாயம் இருக்கட்டும், ஓட முடியாததை மற்றவை மிதிக்கும். குடிக்கிற சட்டி மூக்கும் கண்ணும் முங்கும் ஆழத்தில், படுத்தபடியே எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். நெஞ்செலும்பு அழுந்திப் புண் வராமல் அவ்வப்போது பக்கம் மாற்றி உட்கார வை. இந்த வேலையைப் பேரனிடம் கொடு, பொறுமையாகச் செய்வான்.

கழுத்து தொங்கினாலும், இரண்டு மூன்று ஒரே நேரத்தில் படுத்தாலும், மூச்சு இரைத்தாலும், இது வெறும் கால் வியாதி என்று விட்டுவிடாதே. 2014-ல் கேரளாவில் குட்டநாட்டில் பறவைக்காய்ச்சல் வந்து வாத்துகள் கூட்டம் கூட்டமாகப் போனது உனக்கு நினைவிருக்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் கையால் தொடாமல், பேரனை அண்டவிடாமல், உடனே கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் செய்.

எல்லாம் செய்தும் இரண்டு காலிலும் உணர்வே இல்லாமல், தீவனத்தையும் விட்டுவிட்டு, நாளுக்கு நாள் இளைத்தால், அதை வலியோடு இழுத்துக்கொண்டு கிடக்க விடக் கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அந்த நிலைமைக்குப் போகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பேரனிடம் மட்டும் எதையும் மறைக்காதே.

பெரிய வாத்துகள் முட்டை போட ஆரம்பித்தால் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வை. சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும் கால் தள்ளாடும். நான் வரும்போது இங்கிருந்து ஒரு மூட்டை கொண்டுவருகிறேன்.

நாளைக் காலையில் வெளிச்சத்தில் இன்னொரு வீடியோ எடுத்து அனுப்பு. குஞ்சைப் பின்பக்கமிருந்து எடு, இரண்டு மூட்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும். டப்பில் விட்டு உதைப்பதையும் எடு. தீவனப் பையின் பின்னால் ஒட்டியிருக்கிற சீட்டையும் படம் பிடித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா