எங்கள் பிள்ளைகளின் 36 நாட்களைத் திருப்பித் தாருங்கள்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர் அவர்களுக்கும் நிர்வாக சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போன மாதக் கூட்டத்தின் முடிவை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அனுப்பியிருந்தீர்கள். பாதுகாப்புக் கருதி இந்தக் கோடையில் பெண் பிள்ளைகளின் நீண்ட கனூப் பயணத்துக்கு (துடுப்புப் படகில் காட்டு ஆறுகளில் போகிற பயணம்) நிதி இல்லையாம், அதற்குப் பதில் நான்கு நாள் தலைமைத்துவப் பட்டறையாம், ஆண் பிள்ளைகளின் பயணம் மட்டும் வழமை போல் நடக்குமாம். இரண்டு தடவை மின்னஞ்சல் போட்டேன். ஒருவருக்குத் தொலைபேசியும் எடுத்தேன், "பார்ப்போம் அக்கா" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தால் ஜூலை வந்துவிடும். அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: வட ஒன்ராறியோவின் டெமகாமிக் காட்டில் ஆறு பெண் பிள்ளைகளுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்த 36 நாள் பயணத்தைத் திருப்பித் தாருங்கள்.

முதல் வருடம் பத்து நாள், இரண்டாம் வருடம் மூன்று வாரம், மூன்றாம் வருடம் 36 நாள் என்று இந்தப் படிகளைப் பயணங்களை நடத்துகிற கோடை முகாமோடு பேசி வகுத்தது நீங்கள்தான், அதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் மகளும் மற்ற ஐந்து பேரும் பதினான்கு வயதில் ஏறத் தொடங்கினார்கள், இப்போது பதினாறு. கடைசிப் படியில் கால் வைக்கிற நேரம் பார்த்து ஏணியை எடுத்துவிட்டீர்கள்.

போன ஜூலையில், இரண்டாம் வருடப் பயணத்தில் நடந்ததுதான் காரணம் என்று தெரியும். குழுவில் வந்த அந்த ஒரு படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள், அங்கே இருந்த பிள்ளைகளிடம் ஒருவரும் கேட்கவில்லை. சரி, நான் சொல்கிறேன்.

லேடி எவலின் ஆற்றில் அருவி ஒன்றைச் சுற்றிப் போகிற பாதை அது. ஒரு கிலோமீட்டர்கூட வராது, ஆனால் முழுக்கப் பாறை, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிற பாறை, இரண்டு நாள் மழையில் பாசி வேறு வழுக்கியது. படகில் போக முடியாத இடத்தில் படகையும் சாமான்களையும் சுமந்துகொண்டு அடுத்த தண்ணீருக்குப் போக வேண்டும், அதைத்தான் போர்ட்டேஜ் என்கிறார்கள். பிளாஸ்டிக் படகு என்றால் கொஞ்சம் இலேசு. இவர்கள் போவது பழைய முறையில், தேவதாரு மரச் சட்டத்துக்கு மேல் கான்வாஸ் துணி இழுத்துக் கட்டிச் சாயம் பூசிய கனூவில். காய்ந்திருக்கும்போதே ஒன்று 35 கிலோவுக்கு மேல் வரும். கான்வாஸில் கீறல் விழுந்தால் தண்ணீர் குடித்து இன்னும் கனக்கும், அன்றைக்கு அப்படித்தான் கனத்தது. சமையல் பாத்திரமும் மாவும் பருப்பும் போகிற மரப்பெட்டிக்கு வானிகன் என்று பெயர். அதற்கு இரண்டு தோளிலும் மாட்டுகிற பட்டி கிடையாது. டம்ப்லைன் என்கிற தோல் வாரைப் பெட்டியில் கட்டித் தலையில் மாட்டி, முதுகில் தாங்கி, குனிந்து நடக்க வேண்டும்.

அந்தப் பெட்டியோடுதான் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தாள். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. இரண்டு வழிகாட்டிகளும் காட்டில் முதலுதவி செய்யப் பயிற்சி எடுத்த பெண்கள். காலைப் பார்த்து, எலும்பு முறிவுக்கான அறிகுறி இல்லை என்று உறுதி செய்து, கட்டுப் போட்டு, சாட்டலைட் தொலைபேசியில் முகாமுக்குச் சொல்லி, பாதையின் மறுமுனையில் கூடாரம் போட்டு இரண்டு நாள் ஓய்வு எடுப்பது என்று முடிவு எடுத்தார்கள். அந்தப் பிள்ளை துடுப்பை ஊன்றி நடந்தாள், ஒரு வழிகாட்டி கூடவே நடந்தாள். மீதி ஆறு பேர்தான் எட்டுப் பேரின் சுமையையும் கடத்தினார்கள், நான்கு கனூவும் மூன்று வானிகனும் கூடாரங்களும். வழமையாக இரண்டு நடையில் முடிகிற பாதையில் சிலர் நான்கு நடை போனார்கள். கடைசி நடையில் என் மகள் அந்தப் பிள்ளையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே நடந்தாளாம். அழுதாள் என்பதை அவளே எனக்குச் சொன்னாள், மறைக்கவில்லை, "அழுதா மூச்சு சீராகுதும்மா" என்றாள். காலையில் தொடங்கியது பின்னேரம் நான்கு மணிக்கு முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் நனைந்த கட்டையைப் பிளந்து உள்ளே இருக்கிற காய்ந்த மரத்தைச் சீவி எடுத்து நெருப்பு மூட்டிப் பருப்பும் சோறும் காய்ச்சி, முதல் தட்டைக் கால் சுளுக்கியவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் காலையில் எடுத்ததுதான் அந்தப் படம். கரி பூசிய முகம், கட்டுப் போட்ட கால், அரைக்காற்சட்டை. ஆறு பேரும் சிரிக்கிறார்கள், அதை யாரும் கவனிக்கவில்லை. "ஐயோ, பெண் பிள்ளைகளை என்ன பாடு படுத்துகிறார்கள்" என்று குழுவில் தொடங்கி, ஒரு வாரத்தில் நம் பெற்றோர் பாதிப்பேர் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

அதே கோடையில் ஜேம்ஸ் விரிகுடாவுக்குப் போன ஆண் பிள்ளைகளின் குழுவில் ஒரு தம்பிக்கு மணிக்கட்டு முறிந்தது. மிதவை விமானம் வந்துதான் கூட்டிப் போனது. தைப்பொங்கல் விழாவில் அவனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினீர்கள். நானும் கை தட்டினேன், அவன் அதற்குத் தகுதியான பிள்ளைதான். ஆனால் சுளுக்கிய காலோடு மிச்ச ஒன்பது நாளும் துடுப்புப் போட்டுப் பயணத்தை முடித்த பிள்ளை அதே மண்டபத்தில் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரை யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து, அவளுடைய கணுக்காலைச் சொல்லி ஆறு பேரின் பயணத்தையும் நிறுத்திவிட்டீர்கள். இதை எப்படி அவளிடம் விளக்குவது என்று அவள் அம்மா என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே பக்கத்தில் இருக்கிற டிமிஸ்கமிங் ஏரியில் 1978 ஜூனில் ஒரு பள்ளியின் கனூக்கள் கவிழ்ந்து 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் குளிர்ந்த தண்ணீரில் இறந்தார்கள். இறந்த மாணவர்கள் எல்லோரும் ஆண் பிள்ளைகள். 2017இல் ஒன்ராறியோவின் அல்கோன்குயின் பூங்காவில் ரொறன்ரோப் பள்ளிப் பயணம் ஒன்றில் 15 வயது மாணவன் மூழ்கி இறந்தான், நீச்சல் சோதனையில் தேறாத பிள்ளையைக் கூட்டிப் போயிருந்தார்கள் என்று பிறகு தெரிய வந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. இப்படியான நேரங்களில் கேட்க வேண்டியது வழிகாட்டிக்கு என்ன பயிற்சி, தண்ணீர் எவ்வளவு குளிர், பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா என்பதைத்தான். அந்தக் கேள்விகளை எங்களிடம் கேளுங்கள், எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. ஆறு பேரும் இந்தக் குளிர்காலம் முழுக்க வாரம் இரண்டு நாள் நீச்சல் குளத்தில்தான் இருந்தார்கள்.

கூட்டத்தில் ஒருவர் "அந்த நாட்களில் காட்டில் என்ன செய்வார்கள்" என்று கேட்டாராம். வீட்டில் செய்வதைத்தான் செய்வார்கள் ஐயா. தேவையானதைக் கொண்டு போவார்கள், குப்பையைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டு வருவார்கள், அதையும் முகாம் முதல் வருடமே சொல்லிக் கொடுத்துவிட்டது. பெண்கள் இதற்கு முன் போகாத இடமா அது? டெமகாமியின் பாதைகளை அங்குள்ள பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் நஸ்தவ்கன் என்கிறார்கள். குடும்பம் குடும்பமாக, பெண்களும் குழந்தைகளுமாக, எத்தனையோ தலைமுறை நடந்து உண்டாக்கிய பாதைகள். 1905இல் மீனா ஹபர்ட் என்ற பெண், இரண்டு வருடத்துக்கு முன் தன் கணவர் பட்டினியால் இறந்த அதே லாப்ரடோரை, கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள அந்தக் காட்டுப் பகுதியை, ஜார்ஜ் எல்சன் முதலான நான்கு துணைவர்களோடு கனூவில் கடந்து உங்காவா விரிகுடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அல்கோன்குயினில் வாபோமியோ என்ற பெண்கள் முகாம் 1924இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். என் அம்மா ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். மகள் இந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஸ்காபரோ அடுக்குமாடியின் படிக்கட்டில் இருபது கிலோ அரிசி மூட்டையை டம்ப்லைனில் கட்டி ஏறி இறங்கிப் பழகினாள். அம்மா கதவைத் திறந்துகொண்டு நின்று பார்த்தார். அப்புறம் கிட்டப் போய் வாரைப் பிடித்து, "நெற்றிக்கு இறங்க விடாதே, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால வை, கழுத்தை நேரா வை" என்று சரி செய்துவிட்டார். வழிகாட்டி சொன்ன அதே சொல் என்று மகளுக்கு ஆச்சரியம். "அம்மாயி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். கொழுந்துக் கூடையின் கயிறும் தலையில்தானே கிடந்தது, மழையிலும் அட்டைக்கடியிலும் மலைச்சரிவில் எத்தனை வருடம். அப்போது எந்தத் துரையும் எந்தக் கங்காணியும் பெண்களுக்கு இது பாதுகாப்பில்லை என்று வேலையை நிறுத்தவில்லை. பிறருக்காகச் சுமந்தபோது வராத அக்கறை, பேத்தி தன் விருப்பத்துக்குச் சுமக்கும்போது எங்கிருந்து வருகிறது?

நம் சமூகத்தில் இது ஒன்று மட்டும் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். அரங்கேற்றத்துக்கு ஆயிரக்கணக்கில் டொலர் செலவழித்து மண்டபம் எடுக்கிறோம், என் மகளும் ஆடியவள்தான், அதைக் குறை சொல்லவில்லை. மகன் இரவு பதினொரு மணிக்கு வந்தால் சாப்பாடு போடுகிறோம், மகள் எட்டு மணிக்கு வந்தால் யாரோடு வந்தாய் என்று கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன்.

சபை உறுப்பினர்களே, உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். இந்த நிதியைத் தொடங்கியதே நீங்கள்தான், நீங்கள் இல்லாவிட்டால் என் மகள் கனூவையே பார்த்திருக்க மாட்டாள். பணம்தான் தடை என்றால் செலவில் பாதியைப் பெற்றோர் நாங்கள் போடுகிறோம், ஆறு வீட்டிலும் பேசிவிட்டோம். பயம்தான் தடை என்றால் முகாமின் பாதுகாப்பு ஏற்பாடுகளை எல்லோர் முன்னும் வைத்துக் கேள்வி கேளுங்கள். முகாமுக்கு முன்பணம் கட்ட ஏப்ரல் 30 கடைசி நாள். அதற்கு முன் தயவு செய்து ஒரு கூட்டம் வையுங்கள், அந்த 36 நாட்களைத் திருப்பித் தாருங்கள்.

எந்த நாள், எந்த மண்டபம் என்று மட்டும் அறிவியுங்கள். ஆறு பிள்ளைகளும் வருவார்கள். இந்த முறை அவர்கள்தான் பேசுவார்கள்.

அன்புடன்,
ஓர் அம்மா, ஸ்காபரோ