சைப்ரஸில் யார் வந்தேறி?

ஆசிரியருக்கு வணக்கம்.

மத்தியதரைக் கடல் தீவான சைப்ரஸ் என்றாலே, கிரேக்கர்கள் மண்ணின் மைந்தர்கள், துருக்கியர்கள் 1571-ல் ஒட்டோமான் படையோடு வந்து இறங்கியவர்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது. இன்றைய துருக்கியின் பெரும்பகுதியான அனடோலியாவிலிருந்து குடியேறியவர்கள் உண்டுதான். ஆனால் உள்ளூரிலேயே இஸ்லாத்துக்கு மாறிய குடும்பங்களும் உண்டு.

'லினோபம்பகி' என்றொரு கூட்டத்தார் அங்கே இருந்தார்கள். லினனும் பருத்தியும் கலந்த துணி போன்றவர்கள் என்று பொருள். ஒரே ஆளுக்கு கிறிஸ்தவம், இஸ்லாம் என இரு மதத்திலும் பெயர் இருக்கும். பிள்ளைக்கு ஞானஸ்நானமும் நடக்கும், சுன்னத்தும் நடக்கும். இவர்களின் பேரப்பிள்ளைகளை எந்தப் பக்கம் எழுதுவது?

சாப்பாட்டிலும் இதே கலப்புதான். கிரேக்கர் 'ஹலூமி' என்பதும் துருக்கியர் 'ஹெல்லிம்' என்பதும் சூட்டில் உருகாமல் சிவக்கும் அதே பாலாடைக்கட்டிதான். 2021-ல் ஐரோப்பிய ஒன்றியமே இரண்டு பெயர்களையும் சேர்த்துத்தான் பதிவு செய்தது.

1974-க்குப் பின் தீவு துருக்கியருக்கு வடக்கு, கிரேக்கருக்குத் தெற்கு என்று பிளந்தது. வீடு வாசலை இழந்த வலி இரு தரப்புக்கும் உண்டு. ஆனாலும் ஐ.நா. கண்காணிக்கும் இடைப்பகுதியில் உள்ள பைலா கிராமத்தில் இரு சமூகத்தாரும் இன்றும் ஒரே ஊராக வாழ்கிறார்கள். அந்த ஊரைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்