பழைய நகரைப் புதுப்பிக்குமுன் அங்கே குடியிருப்பவர்களைப் பாருங்கள்

மாநகராட்சி ஆணையர்களுக்கும், நகரமைப்பு அதிகாரிகளுக்கும், மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழுவினருக்கும்,

வணக்கம்.

கோட்டைச் சுவருக்குள்ளோ, துறைமுகத்தை ஒட்டியோ, ஆற்றங்கரையிலோ, உங்கள் பொறுப்பில் ஒரு பழைய நகர்ப்பகுதி இருக்கிறது. அதைப் புதுப்பிக்க நிதி ஒதுக்கும்போது அங்கே குடியிருப்பவர்களின் வீடுகளுக்கே முதல் பங்கைக் கொடுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். முகப்புக்கு வண்ணமும் அலங்கார விளக்குத் தூண்களும் அதன் பிறகு வரட்டும்.

முடிவெடுக்குமுன் ஒரு பிற்பகலை அங்கே கழியுங்கள். பரிவாரம் வேண்டாம், தனியாக, கால்நடையாகப் போங்கள். தெருக்களைக் குறுகலாக அமைத்தவர்களின் அறிவு வெயில் நேரத்தில்தான் புரியும். ஒரு பக்கத்துச் சுவரின் நிழல் எதிர்ப்பக்கம் வரை எட்டிவிடுவதால், அகலச் சாலையில் நிற்கவே முடியாத பொழுதிலும் இங்கே நிதானமாக நடக்கலாம். எந்தக் கதவு திறந்திருக்கிறது, எதன் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது, எந்த மாடியில் துணி காய்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். அந்தத் தெருவில் உயிர் இருக்கிறதா இல்லையா என்பதை எந்தத் திட்ட அறிக்கையையும்விட இவை தெளிவாகச் சொல்லிவிடும்.

பிறகு ஏதாவது ஒரு சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டும்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. அது சுவருக்குள்ளேயே மேலேறி, பூச்சு முடியும் இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. பெயிண்ட் கொப்புளித்து உரிகிறது. விரல் பட்டாலே செங்கல் பொடியாக உதிர்கிறது. வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும் என்பதால் வேலைக்கு நாளும் கூடுதலாகப் பிடிக்கும். கூலிக்கும் காத்திருப்புக்கும் வழியில்லாதவர் கைக்கு எட்டிய சிமெண்ட் மூட்டையைத்தான் வாங்குவார். அரசின் உதவி போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். அதை விட்டுவிட்டு வெளிப்புறத்துக்கு மட்டும் வண்ணம் அடிப்பது நோயாளிக்குப் புதுச் சட்டை போட்டுவிடுவது போன்றது.

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். இத்தாலியின் போலோன்யா நகரம் 1973-இல் இதைத் தொடங்கியது. புறநகரில் புதுக் குடியிருப்புகள் கட்டுவதற்குப் பயன்பட்ட பொது வீட்டுவசதி நிதியைப் பழைய நகரின் வீடுகளைப் பழுதுபார்க்கத் திருப்பியது. கட்டடக் கலைஞர் பியர் லூயிஜி செர்வெல்லாத்தி முன்னின்று நடத்திய அந்தத் திட்டம், கட்டடங்களோடு சேர்த்து அவற்றில் வாழ்ந்த எளிய குடும்பங்களையும் அங்கேயே தக்கவைப்பதைத் தன் நோக்கமாக வைத்திருந்தது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, தலைமுறைகளாக அங்கே இருந்த பலர் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்நகரம் இடம்பெற்றபோது அவர்களில் பலர் அங்கே இல்லை. வெனிஸ் இன்னும் வேதனையானது. 1950-களின் தொடக்கத்தில் அதன் பழைய நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது.

சுற்றுலாப் பயணிகள் வந்தால் வருமானம் வருமே என்பீர்கள். வரட்டும், நானும் அப்படி வருகிறவன்தான். ஆனால் வீடுகளெல்லாம் விடுதிகளாகவும் நினைவுப்பொருள் கடைகளாகவும் மாறிய தெருவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்குக் கால் தரிப்பதில்லை. வழி கேட்க அந்தத் தெருக்காரர் ஒருவர்கூட இருப்பதில்லை.

வரலாற்று நகரங்களின் பாதுகாப்புக்காக, மரபுச் சின்னங்களைக் காக்கும் பன்னாட்டு வல்லுநர் அமைப்பான ஈகோமாஸ் 1987-இல் ஏற்றுக்கொண்ட வாஷிங்டன் சாசனம், இப்பணி முதன்மையாக அங்கே குடியிருப்பவர்களைச் சார்ந்தது என்றே சொல்கிறது. அதற்கேற்ப, ஒப்பந்தப்புள்ளி கோருமுன் ஒவ்வொரு கதவையும் தட்டி, கூரை ஒழுகுகிறதா, வடிகால் அடைத்திருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். சுண்ணாம்பு வேலைக்கான கூடுதல் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். மூத்த கொத்தனார்களிடம் இளையவர்கள் தொழில் பழகச் சம்பளம் கொடுங்கள். அரசுப் பணத்தில் பழுதுபார்த்த வீட்டில் வாடகைக்கு இருப்பவரைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

வேலை தொடங்கும் நாளில் ஒவ்வொரு தெருவிலும் எத்தனை குடும்பங்கள் இருந்தன, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றில் எத்தனை இருக்கின்றன என்ற கணக்கை மக்கள் பார்வைக்கு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய தெருக்களில் நடந்து திரியும் ஒருவன்