டீச்சரம்மாவின் விரலுக்காகக் கை கொடுத்தவர்களுக்கு

இன்று காலை கட்டுப் பிரித்தபோது, சர்க்கரையால் மரத்துப்போன டீச்சரம்மாவின் காலில் இரண்டாம் விரலின் நுனியில் இருந்த புண் முழுதாக மூடியிருந்தது. கசிவு இல்லை, வாடை இல்லை, சுற்றித் தோல் ஊறி வெளுக்கவும் இல்லை. எலும்பு வரை இறங்கிவிட்டதோ என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த விரல் அது. பட்ட பாடு இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. பாதப் புண் பிரிவுச் செவிலியர்களும் பிசியோதெரபி பிரிவினரும் சேர்ந்து நன்றி சொல்ல எழுதுகிறோம்.

முதல் நன்றி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் அண்ணனுக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

புது எம்.சி.ஆர். (மரத்த பாதத்துக்கான மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்புக்குப் பின்வார் வைத்துத் தர வேண்டும், அவ்வளவுதான் அவரிடம் போன வேலை. அவர் புதுச் செருப்பைத் தொடவே இல்லை. "பழசு எங்க?" என்று கேட்டு, அதை வீட்டிலிருந்து வரவழைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். முன்பக்கம் இரண்டாம், மூன்றாம் விரல் முடிகிற இடத்தில் விரல்நுனி அகலத்துக்கு இரண்டு குழி. கட்டைவிரல் வார் இறங்குகிற ஓட்டை இழுபட்டு நீண்டிருந்தது. "இந்தச் செருப்பு கால்ல இருக்கல சிஸ்டர், விரலுதான் இத்தன நாளும் பிடிச்சுக்கிட்டு நடந்திருக்கு" என்றார்.

ஹேமர் டோ, அதாவது சுத்தியல் போல மடங்கிய விரல், எப்படி வருகிறது என்பதன் பாதி விளக்கம் அதில் இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகளுக்குப் போகிற நரம்புகள் பழுதாகி அவை மெலிந்துபோகும். கெண்டைக்காலிலிருந்து வரும் நீளமான தசைநாண்களுக்கு எதிர்ப்பு இல்லாமல் போகிறது. அவை இழுக்க இழுக்க விரலின் நடு மூட்டு மடங்கி மேலே புடைக்கும், நுனி கீழே குத்தி நிற்கும். பின்வார் இல்லாத செருப்பு என்றால், நழுவாமலிருக்க ஒவ்வொரு அடிக்கும் விரல் வேறு மடங்கிப் பிடிக்கிறது. புடைத்த மூட்டில் வார் உரசிக் கால் ஆணி வரும். நுனியில் காய்ப்பு வரும், காய்ப்புக்கு அடியில் ரத்தம் கட்டும், பிறகு புண். மரத்துப்போன காலில் வலி சொல்லித் தராது; தரையில் கறை பட்டால்தான் தெரியும்.

அண்ணன் செய்தது இது. கட்டைவிரல் வளையத்தை அறுத்து எடுத்தார். விரல்களுக்குப் பின்னால், புடைத்த மூட்டைத் தொடாத தூரத்தில், உள்பக்கம் மெத்து வைத்த அகல வார் ஒன்று. குதிகாலுக்கு வெல்க்ரோ வைத்த பின்வார் ஒன்று. டீச்சரம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கிறதா என்று அளந்தார். உட்கார்ந்த காலை அளந்தால் பிசகும், எடை ஏறினால் பாதம் நீளும். எல்லாம் சொல்யூஷனும் தையலும்தான், ஓர் இரும்பாணிகூட அடிக்கவில்லை. அடித்தட்டு தேயத் தேய ஆணி மேலே கிளம்பும், மரத்த காலுக்கு அது தெரியாது.

மடங்கிய விரல்களுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப, எம்.சி.ஆர். துண்டில் சுண்டுவிரல் பருமனுக்கு ஓர் உருளை சீவினார். நுனியின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். உயரம் கூடினால் மூட்டு மேலே தள்ளப்பட்டு வாரில் உரசும். பின்னால் தள்ளி ஒட்டினால் விரலடி மேட்டை அழுத்தும். அதனால் வைத்து, நிற்கவிட்டு, எடுத்து, கத்தியால் பொடிப்பொடியாகச் சீவி, மறுபடி வைத்தார். விரலடி மேட்டின் பாரத்தைக் குறைக்கும் திண்டு வைக்க இன்னொரு கைவேலை. அங்கே இருந்த காய்ப்பில் ஈரக் குங்குமம் தொட்டு, செருப்பின் உள்பட்டையில் மிதிக்க வைத்தார். திண்டின் முன்விளிம்பு அந்தச் சிவப்புக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். சிவப்பின் மேலேயே ஒட்டினால் அழுத்தம் இன்னும் கூடும். கடையில் வாங்கி ஒட்டிக்கொள்பவர்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

கூலி என்று கேட்டதற்கு, "புண்ணு ஆறட்டும்" என்றார்.

1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் பிறகு கரிகிரி மருத்துவமனையும் தொழுநோயில் மரத்துப்போன பாதங்களுக்குச் செய்த வேலையிலிருந்து வளர்ந்த முறைதான் இது. மருத்துவரோடு செருப்புத் தைப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் நடக்கும் என்பது அவர்கள் காட்டித் தந்த பாடம். எங்கள் அண்ணனுக்கு மேசை இல்லை, கோணிதான்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. வீங்கிய விரலில் இறுகிக் கிடந்த மெட்டியைத் தோலில் கீறல் படாமல் அறுத்தெடுத்த ஆசாரிக்கு நன்றி. டீச்சரம்மா அழுதபோது, இரண்டு துண்டையும் பொட்டலம் கட்டி, ஆறினதும் அகலமாகச் செய்து தருவதாகச் சொன்னவர். அந்த மெட்டி இனி அந்த விரலுக்குப் போகக் கூடாது ஆசாரி ஐயா, வேறு ஏதாவது செய்து கொடுங்கள். டாப்ளர் கருவியில் காலின் ரத்த ஓட்டத்தைப் பார்த்த பிறகே கத்தியைத் தொட்ட அறுவை மருத்துவருக்கு நன்றி. விரலடி மேட்டை அவர் தன் கைக் கட்டைவிரலால் மேலே தள்ளியபோது மடங்கிய விரல் நிமிர்ந்தது. நிமிர்கிற விரல் என்பதால், மரப்பு ஊசி போட்டு, அடியில் சின்னத் துளை வழியாக மடக்கும் தசைநாணை அறுத்தாலே போதும் என்று முடிவு செய்தார். இறுகிப்போயிருந்தால் எலும்பைச் சீவிக் கம்பி வைத்து, நாலிலிருந்து ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும். ஆட்டோக்கார அண்ணன்கள், எதிர்வீட்டு மருமகள், பள்ளியின் பழைய மாணவர்கள், லேப் பிள்ளைகள், எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

இனி எங்கள் பிரிவுக்கு வருகிற யாராக இருந்தாலும், தினமும் போடுகிற செருப்பையும் கையோடு கொண்டு வரச் சொல்வோம். பாதத்தைப் பார்க்கிற அதே மேசையில் அதையும் கவிழ்த்துப் பார்ப்போம். கால் ஆணிக்கு ஒட்டுகிற மருந்துப் பட்டை சர்க்கரைக்காரர் காலுக்கு ஆகாது, அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், பிளேடும் ஆகாது. இதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுகிறோம்.

டீச்சரம்மா வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஒரு விரல் நிமிர்ந்தால் அதன் பாரம் பக்கத்து விரலுக்கு மாறும். தினமும் ராத்திரி மூன்றாம் விரலின் நுனியையும் பாருங்கள், சிவந்திருந்தால் மறுநாளே வாருங்கள். செருப்பின் உள்பட்டையைப் பெருவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள்; குழி எழும்பவில்லை என்றால் மாற்றும் நேரம். அதற்கான ஷீட்டை அண்ணன் இப்போதே வெட்டி எடுத்து வைத்திருக்கிறார். புண் ஆறிவிட்டது அண்ணே, கூலியை வாங்கிக்கொள்ளுங்கள்.