விமான மாதிரிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி தனியாக வாசிப்பார். கூட்டங்கள் வழக்கம்போலப் பாளையங்கோட்டையில் நடந்தன. ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் அடிக்கிற காற்றில் எதையும் பறக்கவிட முடியாது என்பது தெரிந்ததுதான், அதனால் அந்த மாதங்களில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இந்த ஆண்டு நாம் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு விமானத்தின் பாடி காற்றில் எவ்வளவு இழுவை தரும் என்று, தெர்மோகோலில் கத்தி வைப்பதற்கு முன்பே மதிப்பிட வேண்டும். அதே பரப்புள்ள தட்டைப் பலகையில் காற்று எவ்வளவு உரசுமோ அதை எடுத்து, வடிவத்துக்கான ஒரு காரணியால் பெருக்குவதுதான் முறை. நீளத்தை விட்டத்தால் வகுத்து வரும் விகிதம் 3 என்றால் அந்தக் காரணி 3-ஐத் தாண்டுகிறது, 6 என்றால் சுமார் 1.3, 10 என்றால் 1.1-க்கும் கீழே. அப்படியானால் நீட்டிக்கொண்டே போகலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள், நல்ல கேள்வி. நீட்டினால் காற்று உரசுகிற பரப்பும் கூடுகிறது. பேட்டரியும் ரிசீவரும் வைக்க ஒரே கொள்ளளவுதான் வேண்டும் என்றால் 6-லிருந்து 8 வரை போதும், அதற்கு மேல் பெரிய லாபம் இல்லை.

சரி, 90 செ.மீ. நீளம், 15 செ.மீ. விட்டம், நொடிக்கு 15 மீட்டர் வேகம் என்று வைப்போம். காற்றோட்டம் சீராக இருக்குமா கொந்தளிக்குமா என்று கணிக்க உதவும் ரெய்னால்ட்ஸ் எண் 8 லட்சத்தைத் தாண்டும். பாடியை ஒட்டிய காற்றுப் படலம் முழுக்கக் கொந்தளிப்பாக ஓடினால் இழுவை ஏறக்குறைய 26 கிராம் எடைக்குச் சமம், முழுக்கச் சீராக ஓடினால் 8 கிராம்தான். மூன்று மடங்கு வித்தியாசம்! உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும், படலம் எந்த இடத்தில் மாறுகிறது என்பதைப் பொறுத்து. ஆகவே யாராவது ஒரே எண்ணைக் கொண்டுவந்தால் ஏற்காதீர்கள், இரண்டு எல்லையையும் கேளுங்கள். மூக்குப் பக்கம் டேப் ஒட்டிய விளிம்பும் துருத்திய திருகும் படலத்தைச் சீக்கிரமே கலைத்துவிடும் என்பதால் முன்பாதியை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்குவது வீண்வேலை இல்லை.

பெட்டி வடிவப் பாடி செய்வது சுலபம்தான், ஆனால் கூர்மையான மூலைகளில் காற்று பிரிவதால் காரணி சுமார் 40 சதவீதம் கூடும் என்று கணக்கில் சேர்க்க வேண்டும். மூலைகளை உருட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம் வால் பக்கம்: எல்லோரும் மூக்கைக் கூராக்கத்தான் பாடுபடுகிறார்கள், சட்டென்று ஒடுங்கும் பின்பக்கம்தான் அதிகம் இழுக்கிறது.

மார்கழிக்குப் பிறகு, காற்று அசையாத விடிகாலையில் ஒரே இறக்கையில் இரண்டு பாடிகளை மாற்றி மாற்றி மாட்டி, மோட்டாரை நிறுத்திச் சறுக்கவிட்டுப் பார்ப்போம். எடையைச் சறுக்கு விகிதத்தால் (சறுக்கிய தூரத்தை இறங்கிய உயரத்தால் வகுத்து வருவது) வகுத்தால் மொத்த இழுவை கிடைக்கும். எடை, வேகம் இரண்டும் ஒன்றாக இருந்தால் வித்தியாசம் பாடியுடையது. வட்டப் பாடி தயார். பெட்டிப் பாடி செய்துதர யாராவது முன்வர வேண்டும், பொருள் செலவு சங்கத்துடையது.